மூன்றாவது சந்தைக்கு மறுநாள்

திருவண்ணாமலையில் நான் தெருவில் நடந்து போனால் பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். பார்ப்பதற்கு நான் அப்படியொன்றும் மோசமில்லை. என் கையால் பென்சிலின் போட்டுக்கொண்ட பிள்ளைகள் அவை, அதுதான் காரணம்.

1974-இல் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் போளூர். கிளினிக் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னறையில் இரண்டு பெஞ்சு, நடு அறையில் டாக்டர், பின்னறையில் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், நான். கண்ணாடி சிரிஞ்சுகளைக் கழுவிக் கொதிக்க வைப்பதும், மொண்ணையான ஊசிகளைக் கல்லில் தீட்டுவதும் என் வேலை. ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஸ்டெரிலைசரைச் சுற்றிவரவே பொழுது சரியாக இருந்தது. அந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் வரைக்கும் நான் ஒரு தடவைகூட மலை சுற்றவில்லை. பக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபம்தான் ஜாஸ்தி. மூச்சு வாங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கிவிட்டு, சாயங்காலம் எங்களிடம் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம்.

பென்சிலின் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரு குடும்பம். மூத்தது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். போட்ட கால் மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும், நாலைந்து மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியே போயும் விடும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி எழுப்பிப் போட வேண்டும். படுக்கை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் அது சரிப்படும். அடுத்தது புரோக்கைன் பென்சிலின். ஒரு நாள் தாங்கும். நிமோனியாவுக்கும் சீழ் பிடித்த புண்ணுக்கும் எங்கள் கிளினிக்கில் அதுதான் ஓடியது. தினம் வரச் சொன்னால் மூன்று நாள் வருவார்கள், ஜுரம் விட்டதும் நான்காம் நாள் வர மாட்டார்கள்.

மூன்றாவதுதான் பென்சாதீன். சின்ன பாட்டிலில் வெள்ளைப் பொடியாக வரும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் பால் மாதிரி ஆகும். அது முழுதாகக் கரையாது. கரையாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு. இடுப்புக்குக் கீழே சதையில் போட்டால் அங்கேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மூன்று வாரம் வரைக்கும் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். போடுகிறவளுக்கு அது ஒரு சோதனை. குலுக்கிய உடனே உறிஞ்ச வேண்டும், தடித்த ஊசியாக இருக்க வேண்டும், குத்தியதும் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு ஒரே சீராக உள்ளே தள்ள வேண்டும். நடுவில் தயங்கினால் ஊசி அடைத்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து குத்த வேண்டும். போட்டுக்கொண்டவர் இரண்டு நாள் நொண்டுவார். பிள்ளைகள் என்னைக் கண்டு ஓடியது இந்த மூன்றாவதுக்காகத்தான்.

யாருக்குப் போடுவதென்றாலும் முதலில் முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பேன். அந்த இடம் தடித்துச் சிவந்தால் பென்சிலின் கிடையாது. ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு அது எமன். மேஜை இழுப்பறையில் அதை முறிக்கும் அட்ரினலின் குப்பி எப்போதும் உடைக்கத் தயாராக இருக்கும். ஒருமுறை ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தொண்டை வலி என்று வந்தாள். நான் முன்கையைக் கேட்டதும் மற்றக் கையை நீட்டினாள். அதில் ஒரு இரும்பு வளையம். தனக்குப் பென்சிலின் ஆகாது என்று அதில் செதுக்கியிருந்தது. டாக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவள் போனபிறகு சொன்னார்: "பாத்தியா, ஆகாத மருந்தோட பேரையே வளையலாப் போட்டிருக்கா. நம்ம ஜனங்க ஆகுற மருந்தோட பேர்கூடக் கேக்கறதில்ல. செவப்பு கேப்சூல் ரெண்டு குடுங்கன்னு கடையில நிக்குது." அந்தக் கேப்சூலும் பென்சிலின் குடும்பம்தான், பின்னால் பிறந்தது. இரண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தார்கள். ஆகும். பிழைத்துக்கொண்ட கிருமி அந்த மருந்தைத் தின்னக் கற்றுக்கொள்ளும்.

சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில் டாக்டரிடம் கேட்டேன், கிருமியைக் கொல்கிற மருந்து நம்மை ஏன் கொல்வதில்லை என்று. எதிரில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அதைக் காட்டினார்.

"கிருமிக்கு வெளியே ஒரு சுவர் இருக்கு. வளரும்போதும் ரெண்டாப் பிரியும்போதும் அதைப் பிரிச்சுப் பிரிச்சு கட்டிக்கிட்டே இருக்கணும். பென்சிலின் என்ன பண்ணும்னா, அந்தக் கலவையைப் பிடிக்க விடாது. சுவரு நிக்காம உள்ள தண்ணி ஏறி வெடிச்சுப் போயிடும்."

"நமக்கு?"

"நம்ம உடம்புல செல்லுக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எப்படி இடிக்கிறது?" என்று சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். "சும்மா படுத்துக் கெடக்கிற கிருமியை அது ஒண்ணும் பண்ணாது. கட்டிக்கிட்டு இருக்கறவனைத்தான் பிடிக்கும். அவன் என்னிக்குக் கட்ட ஆரம்பிப்பான்னு நமக்குத் தெரியாது. அதனால சில பேருக்கு மருந்து எந்நேரமும் ரத்தத்துல இருந்துகிட்டே இருக்கணும்."

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவள்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

1976 பங்குனியில் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பதினொரு வயது. அந்த வயதில் யாரும் இடுப்பில் வருவதில்லை. வலது முழங்கால் வீங்கி, தொட்டால் அலறினாள்.

"மொதல்ல எடது காலும்மா. அது வுட்டுட்டு இப்ப இதுல வந்து குந்திகினு கீது" என்றார் அந்த அம்மா.

மூன்று வாரத்துக்கு முன்னால் தொண்டை வலி வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததில் சரியாகிவிட்டது. சரியாகவில்லை. தொண்டையில் ஒரு வகைக் கிருமி வந்து போனபிறகு, அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு ஆள் தெரியாமல் தன் மூட்டுகளையே தாக்கும், தன் இதயத்தையே தாக்கும். ருமாட்டிக் ஜுரம் என்று அதற்குப் பெயர். மூட்டு வலி ஒரு மாதத்தில் சுவடில்லாமல் போய்விடும். இதயத்தில் வால்வு என்று சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை கெட்டால் திரும்பாது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "இதயம் சுத்தமா இருக்கு. தப்பிச்சுட்டா" என்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் இதயம் சுத்தமாகத்தான் எங்களிடம் வந்தது.

வலிக்கு ஆஸ்பிரின் எழுதினார். ஆஸ்பிரின் இந்தத் தடவைக்கு, பென்சிலின் அடுத்த தடவை வராமல் இருப்பதற்கு. ஒருமுறை வந்த உடம்புக்கு மறுபடி தொண்டையில் அந்தக் கிருமி ஒட்டினாலே போதும், நோய் திரும்பிவிடும். தொண்டைப் புண் வந்தபிறகு மருந்து கொடுப்பது அவளைப் போன்றவர்களுக்குப் பத்தாது. ஒட்டவே விடக் கூடாது. ஆகவே இருபத்தோரு நாளைக்கு ஒரு பென்சாதீன், பதினெட்டு வயது வரைக்கும். அந்த அம்மா ஊசியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், "போடுங்க நர்சம்மா" என்றார்.

முதல் ஊசிக்குப் பிறகு இருபத்தோரு நாள் கழித்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறாம் நாள் வந்தார்கள். அடுத்த தடவை முப்பத்து நாலாம் நாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வூட்ல காலண்டர் இல்லையா?"

"கீதுங்க. சாமி படம் நல்லா கீதுன்னு மாட்டி வெச்சிருக்கோம். எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் படிக்கத் தெரியாதுங்களே."

பஸ் செலவு, வயல் வேலை, ஊசி வலிக்குப் பயந்து பெண் அழுவது, எல்லாம் சேர்த்துச் சொன்னார். நான் யோசித்தேன். இந்த ஊர்க்காரர்களுக்கு மறக்காத தேதி எது? கேட்டேன்.

"மலை சுத்த வருவீங்களா?"

"மாசா மாசம் பௌர்ணமிக்கு வந்துடுவேன். அத மட்டும் வுட்டதே இல்ல."

"அப்ப அன்னிக்கே இவளையும் கூட்டிட்டு வந்துடுங்க. மொதல்ல ஊசி, அப்புறம் மலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி."

அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை. டாக்டருக்கே தோன்றாத வழியை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இருபத்தொன்று எங்கே, இருபத்தொன்பதரை எங்கே என்ற கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. தாறுமாறாக வருவதற்கு இது எவ்வளவோ மேல், ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நானே முடிவு செய்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு இப்போது மாதிரிக் கூட்டம் கிடையாது. உள்ளூர்க்காரர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும்தான். காலை பஸ்ஸில் இறங்கி நேராக என்னிடம் வருவார்கள். ஊசி போட்டதும் பெண் பெஞ்சில் படுத்திருப்பாள். அந்த அம்மா வெயிலோடு வெயிலாகத் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு போவார். அந்த பஸ்ஸை விட்டால் ராத்தங்க இடமில்லை. ஒரு பௌர்ணமி தவறவில்லை. டாக்டர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதயத்தைக் கேட்பார், நன்றாக இருக்கிறது என்பார். ஊசி போட்ட தேதிகளைக் குறிக்கும் கார்டு என்னிடம் இருந்தது. தேதிகளை அவர் பார்க்கவில்லை.

1977 ஐப்பசியில், பௌர்ணமி வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போதே அவர்கள் வந்தார்கள். பெண் மறுபடி இடுப்பில் இருந்தாள். பன்னிரண்டு முடிந்து உயரமாகிவிட்டவள், கால்கள் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கின. ஜுரம், இரண்டு கணுக்காலும் வீக்கம், நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வைத்தார், இடம் மாற்றினார், மறுபடி வைத்தார். பிறகு கார்டைக் கேட்டார். கொடுத்தேன். பின்னறைக்கு வந்து என் மேஜைக்கு மேலே மாட்டியிருந்த மாதக் காலண்டரை எடுத்துக் கார்டோடு வைத்துப் பார்த்தார். வட்டமாக நிலா போட்டிருந்த தேதிகள் எல்லாம் ஊசி போட்ட தேதிகள். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"யாரோட வேலை இது?"

"என்னோடதுதான் சார்."

"மாசா மாசம் எட்டு ஒம்பது நாள் அந்தப் பொண்ணு ரத்தத்துல மருந்தே பத்தாம இருந்திருக்கு. கதவைத் திறந்து போட்டுட்டு காவல் இருந்திருக்கே." அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "வால்வு ஒழுகுது. இனிமே பதினெட்டு இல்ல, இருபத்தஞ்சு வரைக்கும் போடணும். அதுக்கப்புறமும் பாக்கணும். போய் அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடு."

முன்னறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அந்த அம்மா பெஞ்சில் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தப்புதான் நர்சம்மா. புரட்டாசி பௌர்ணமிக்கு வயல்ல மல்லாட்ட புடுங்குற வேல தலைக்கு மேல கெடந்துச்சி. ஊசிய மட்டும் போட்டுகினு, மலை சுத்தாம பஸ்ஸு ஏறிட்டேன். ஒரு தபாதான் வுட்டேன். சாமி வுடல."

புரட்டாசிப் பௌர்ணமிக்கு முந்தின வாரமே பெண்ணுக்குத் தொண்டை வலி வந்திருந்ததையும் அவரே சொன்னார். மருந்து தீர்ந்துபோன அந்த வாரம். மலை சுற்றாமல் விட்டதற்கு முந்தின வாரம். இந்த இரண்டையும் ஒட்டிப் பார்க்க எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் அவர் கையை விடுவித்துக்கொண்டு, "அப்படியெல்லாம் இல்லக்கா, அழுவாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. அவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டார், நான் விட்டுவிட்டேன்.

சொல்லியிருப்பேன் என்று டாக்டர் நம்பினார். மறுபடி கேட்கவே இல்லை.

பெண் வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாள். திரும்பி வந்த அன்று டாக்டரே அந்த அம்மாவை உட்கார வைத்துப் பேசினார்.

"உங்க ஊர் பக்கம் வாரச் சந்தை என்னிக்கு?"

"வியாழக்கெழமைங்க."

"போவீங்களா?"

"போவாம? முருங்க, கத்திரி, எது இருந்தாலும் எடுத்துகினு போய் குந்துவேன்."

"மூணு சந்தைக்கு ஒரு ஊசி. மூணாவது சந்தைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலைல இங்க இருக்கணும்."

அந்த அம்மா உடனே புரிந்துகொண்டார். வீட்டில் ஒரு டப்பாவில் மூன்று புளியங்கொட்டை போட்டு வைத்தார். சந்தையிலிருந்து வந்ததும் ஒரு கொட்டையை எடுத்து வெளியே வைப்பார். டப்பா காலியானால் மறுநாள் பஸ். அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. மழை, தேர்தல், பஸ் ஸ்ட்ரைக், எதற்கும் தவறவில்லை. அவருக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்தவள் நான். இருபத்தொன்று என்பது மூன்று வாரம் என்று எண்ணாமல் போனவளும் நான்தான்.

இப்படி வருடங்கள் போயின. கண்ணாடி சிரிஞ்சு போய் பிளாஸ்டிக் வரத் தொடங்கியது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடித்துத் தங்கள் ஊர் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். வால்வு ஒழுகத்தான் செய்தது, ஆனால் அதற்கு மேல் கெடவில்லை. மூன்றாவது தடவை ஜுரம் வரவில்லை. படியேறினால் மட்டும் நடுவில் ஒருமுறை நிற்பாள். ஒவ்வொரு ஊசிக்கும், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "போடுங்கக்கா" என்பாள். நான் மருந்தை ஒரே சீராகத் தள்ளுவேன். அவளுக்குப் போட்ட ஊசிகளில் ஒன்றுகூட அடைத்துக்கொண்டதில்லை. அதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை.

1986 சித்திரைப் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மகள் முன்னால் வந்தாள். பின்னால் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடந்து வந்தார். பெஞ்சில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பாதமும் கொப்புளம், சில உடைந்து தோல் தொங்கியது.

"இன்னாக்கா இது?"

"ரோடு கொதிச்சிதுமா. பாதி தாரு, பாதி கப்பிக்கல்லு."

மகள் சீறினாள். "பத்து மணிக்கு ஆரம்பிச்சி மத்தியானம் முச்சூடும் சுத்துது. செருப்பு போட்டுக்கோன்னா கேக்கல. சாய்ங்காலம் சுத்துன்னா பஸ்ஸு இல்லன்னுது. ஒம்போது வருசமா ஒரு பௌர்ணமி வுடல. அன்னிக்கு பச்சத்தண்ணி தவர வேற எதுவும் வாயில வெக்காது. முட்டி ரெண்டும் போச்சிக்கா. நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னாதான் கேக்கும்."

"நீ சும்மா இருடி" என்றார் அந்த அம்மா. "ஒரு தபா வுட்டதுக்கே உன் நெஞ்சுல ஓட்ட வுழுந்துச்சி. இன்னொரு தபா வுட நான் இன்னா பைத்தியமா?"

பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களைத் துடைத்தேன். வருடத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி. ஒன்பது வருடம். நான் வாயை மூடிக்கொண்டதற்கு அவர் நடந்தது அத்தனையும். இடது குதிகாலில் பழைய வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. காலைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னேன்.

"அக்கா, நீங்க மலை சுத்தாம வுட்டதால வரல. நான்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாங்கன்னு சொன்னேன். டாக்டர் சொன்னது இருபத்தோரு நாளு. மருந்து மூணு வாரத்துக்குத்தான் வரும். மிச்ச நாளெல்லாம் அவ ஒடம்புல மருந்து பத்தல. அந்த நாள்லதான் தொண்டையில வந்துச்சி. நீங்க மலை சுத்தாத அன்னிக்கு முந்தியே வந்துடுச்சி. டாக்டர் அன்னிக்கே உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல."

முன்னறையில் வேறு யாரும் இல்லை. வெளியே ஜட்கா வண்டி ஒன்று போனது. அந்த அம்மா காலை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். எடுத்துத் தரையில் வைத்தார், வலித்திருக்கும். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது.

"மொதல்ல அதுக்கு ஊசியப் போடு" என்றார் அந்த அம்மா.

பத்து வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் "போடு" என்றார். பின்னறைக்குப் போய்ப் பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். ஊசி அடைத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை அவள் "போடுங்கக்கா" என்று சொல்லவில்லை.

போகும்போது வாசற்படியில் நின்று அந்த அம்மா திரும்பினார். அழவும் இல்லை, சாபம் கொடுக்கவும் இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு நாளு உன்ன திட்டியிருப்பேன். அப்பால வுட்டிருப்பேன். இத்தினி வருசம் ராத்திரி ஆனா அதும் மூஞ்சப் பாத்துப் பாத்து, நான்தான கெடுத்தேன் நான்தான கெடுத்தேன்னு..." காலைப் படியில் மெல்ல ஊன்றிக்கொண்டு, "இனிமே நான் சுத்தல. வர பௌர்ணமிக்கு நீ சுத்து. செருப்பில்லாம சுத்து" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மூன்று வாரமும் எனக்குத் தூக்கமில்லை. என் மேல் இருக்கும் கோபத்தில் ஊசியை விட்டுவிட்டால்? வேறு டாக்டரிடம் போனால்கூடப் பரவாயில்லை, போகாமலே இருந்துவிட்டால்? என் மனசு ஆறுவதற்காக அவளுடைய மருந்தை நான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். மூன்றாவது சந்தைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே கிளினிக்கைத் திறந்து வாசலில் நின்றேன். பெண் வந்தாள். தனியாக வந்தாள்.

"அம்மா வரலையா?"

"வரல" என்றாள். போட்டுக்கொண்டாள். நொண்டிக்கொண்டே போனாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வைகாசிப் பௌர்ணமி. டாக்டரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். மலை சுற்ற என்றேன். கிண்டல் செய்யப் போகிறார் என்று நினைத்தேன், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வா" என்றார். செருப்பைக் கிளினிக்கிலேயே விட்டுவிட்டு, அந்த அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கும் அதே நேரத்துக்குக் கிளம்பினேன். சாமியை நினைத்துக்கொண்டு நடந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். செங்கம் ரோடு திரும்புவதற்குள்ளேயே காலைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. பாதி தார், பாதி கப்பி. எது மோசம் என்று கடைசி வரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நடுவில் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். எழுந்து மறுபடி நடந்தேன். இதை நூறு தடவைக்கு மேல் நடந்திருக்கிறார் என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை அடுத்த ஊசி. வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் மகளோடு அந்த அம்மாவும் நின்றுகொண்டிருந்தார். ஒரு புது ரப்பர் செருப்பு போட்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். புண் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. நன்றாகக் குனிந்து, இரண்டு காலையும் பார்த்தார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மகளைப் பின்னறைக்குப் போகச் சொன்னார்.